எந்த அழுக்குக்கு?

செங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களை மேடையில், அடுப்புக்கு இடப்பக்கம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் கடப்பாக் கல் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. மற்ற இடமெல்லாம் நாற்பது ஆண்டுகளாகக் கைபட்டும் எண்ணெய் பட்டும் கருகருவென்று மின்னுகிறது. அந்த ஓரிடம் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் மங்கி நிற்கிறது. அதைச் செய்தவள் நான். செய்யப் பயன்பட்டது, மூன்று மாதம் பொறுத்திருந்து நானே தயாரித்த, கடையில் வாங்கிய ரசாயனம் ஒரு சொட்டும் கலக்காத, வீட்டில் எதையும் துடைக்கலாம் என்று நான் உறுதியாக நம்பிய ஓர் இயற்கைத் திரவம். அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் காலையில் காபித் தம்ளரை அந்த இடத்தில்தான் வைக்கிறேன். அப்போதெல்லாம், அத்தை அன்றைக்குக் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது. அதற்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

சென்னையில் இருந்த காலத்தில்தான் இந்தப் பழக்கம் எனக்குத் தொற்றியது. எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர். குளியலறைக் குழாய், ஷவர், வாளி என்று தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை படியும். கடையில் வாங்கிய திரவங்களின் நெடி அந்தச் சின்னக் குளியலறையில் நின்று போகாமல் தலைவலியைக் கொடுக்கும். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்: வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் என்ற அம்மையார் பரப்பிய முறை என்று இதைச் சொல்வார்கள். நம் ஊரில் ‘பயோ என்சைம்’ என்ற பெயரில் மொட்டை மாடித் தோட்டக்காரர்கள் முதல் பள்ளி ஆசிரியைகள் வரை ஆளுக்கொரு புட்டி வைத்திருக்கிறார்கள். நூறு கிராம் வெல்லம், முந்நூறு கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் புட்டியில் கால்வாசி இடம் காலியாக விட்டு மூடி, முதல் மாதம் முழுக்கத் தினமும் ஒரு முறை மூடியைத் திருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது சமையலறைச் சுவரெல்லாம் எலுமிச்சைத் தோல் ஒட்டிக் கிடந்தது. கண்ணாடிப் புட்டியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் பயமாக இருக்கிறது. இரண்டாவது முறை ஒழுங்காக வந்தது.

உள்ளே நடப்பது நம் பாட்டிமார் கள்ளும், வினிகர் போன்ற காடியும் வைத்து அறிந்திருந்த அதே சங்கதிதான். வெல்லத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது, கூடவே கரியமில வாயு வெளிவருகிறது. புட்டி வெடித்தது அதனால்தான். பிறகு வேறு நுண்ணுயிரிகள் அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. லாக்டிக் அமிலமும் கொஞ்சம் சேர்கிறது, தோலில் இருக்கும் எண்ணெய் மணத்தைக் கொடுக்கிறது. ஆக, பெயரில் ‘என்சைம்’ இருந்தாலும் கையில் இருப்பது பெரும்பாலும் மணமுள்ள ஒரு வீட்டுக் காடி. இதை நான் அப்போது இப்படிப் பார்க்கவில்லை. குழாயில் படிந்திருந்த உப்புக்கறையின் மேல் ஒரு துணியை அதில் நனைத்துச் சுற்றி, அரைமணி நேரம் கழித்து எடுத்தபோது குழாய் புதிதாகப் பொருத்தியதுபோல் பளபளத்தது. அன்று முதல் அது எனக்கு மந்திர நீர். கண்ணாடிக்கு அது, தரைக்கு அது, குளிர்சாதனப் பெட்டிக்கு அது, புத்தக அட்டையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் பசைக்கும் அது. ஒட்டுப்பசைக்கு உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் லிமோனின் பிசினைக் கரைக்கக்கூடியது.

மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை இல்லாத தோழிகளுக்கு நான் வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து புட்டியில் அடைத்துக் கொடுத்ததும் உண்டு. பொங்கி நுரைத்து எழும்போது பார்க்க எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும்! பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் படித்த வேதியியலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சதவீத வினிகர் நூறு மில்லியில் ஐந்து கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. ஏழு கிராம் சோடா, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போட்டால், அந்த அமிலம் முழுவதும் அணைந்துவிடும். அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று. புட்டியில் மிச்சம் இருப்பது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். நுரை மட்டும் அடைபட்ட கழுநீர்க் குழாயில் கொஞ்சம் அழுக்கைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். புட்டியில் அடைத்து வைத்தால் அதுவும் கிடையாது. என் தோழிகள் யாரும் அதன்பிறகும் குறை சொல்லவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே பாதி அழுக்குப் போய்விடும் என்பதால், பெயர் புட்டிக்குப் போய்விடுகிறது.

சாரல் மாதம்

கணவரின் வேலை மாற்றத்தால் அவருடைய சொந்த ஊரான செங்கோட்டைக்கே குடிவந்தோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர் இது. புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி இறங்கினால் ஆரியங்காவு. ஜூன் மாதத்தில் மலை இடைவெளி வழியே வரும் சாரல் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். வீட்டுப் பெண்களுக்கு அது துணி காயாத, சுவரில் பூஞ்சணம் பூக்கும், முற்றம் வழுக்கும் காலம். எனக்கோ இந்த ஊரில் வேறொரு மகிழ்ச்சி. வடக்கே போனால் புளியங்குடி, எலுமிச்சைக்குப் பேர்போன சந்தை. அங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் பழம் போகிறது. தோல் கறுத்த பழங்களைக் கழித்துவிட்ட விலைக்குக் கொடுப்பார்கள். சென்னையில் தோலுக்காகப் பழச்சாற்றுக் கடையில் கெஞ்சிக்கொண்டு நின்றவளுக்கு இங்கே சாக்கில் கிடைத்தது. ஐந்து லிட்டர் கேனில் இரண்டு கேன் போட்டேன். தண்ணீரைக் குறைத்து, தோலைக் கூட்டி, கூடுதல் வீரியத்துக்காக வடிகட்டிய பிறகு பத்துப் பழங்களின் சாற்றையும் பிழிந்துவிட்டேன்.

அத்தை ஒரு கல்யாணத்துக்காகப் புனலூருக்குப் போயிருந்தார். மூன்று நாள் கழித்துத்தான் வருவார். அவர் வருவதற்குள் அடுக்களையைப் பளிச்சென்று ஆக்கிவைக்க வேண்டும் என்று தோன்றியது. புதிதாக ஒரு வீட்டில் இடம் பிடிக்க நினைக்கும் மருமகள்களுக்கு இது புரியும். மேடை மேல் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கினேன். அடுப்பைச் சுற்றியிருந்த இடத்தில் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றி, பழைய பருத்திச் சேலைத் துண்டை அதன்மேல் விரித்து நனைத்துவிட்டு, ஊறட்டும் என்று தார்சாவில் வந்து உட்கார்ந்தேன். மழை ஒரே சீராகத் தூறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் போய்த் துணியைத் தூக்கியபோது அதன் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் நின்றன. அழுக்கு கிளம்புகிறது என்று சந்தோஷப்பட்டேன். வழித்து, கழுவி, துடைத்தேன். கல் கருப்பாகத்தான் இருந்தது. முன்னைவிடக் கருப்பாக இருந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது.

ஈரத்தில் எந்தக் கல்லும் கருப்பாகத்தான் இருக்கும். சாரல் நாளாகையால் காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஈரம் சுருங்கச் சுருங்க, சேலைத்துண்டு கிடந்த அச்சு அப்படியே வெளுத்து எழுந்து வந்தது. துணியின் மடிப்பு விழுந்த இடம்கூடக் கோடாகத் தெரிந்தது. மறுபடி நனைத்தேன், கருத்தது. மறுபடி காய்ந்தது, வெளுத்தது. விரலால் தடவினால் பக்கத்துக் கல் கண்ணாடிபோல் வழுக்குகிறது, இந்த இடம் சிலேட்டுபோல் சொரசொரக்கிறது. தேங்காயெண்ணெயைத் தேய்த்தேன். ராத்திரி முழுக்கக் கருப்பாக இருந்தது. காலையில் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மறுபடி மங்கியிருந்தது. இன்னொரு முறை எண்ணெய், அதன்மேல் கொஞ்சம் அடுப்புக்கரி என்று அடுத்த நாள் நான் செய்தவற்றையெல்லாம் இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அத்தை வந்தார். பையை இறக்கினார். நேராக அடுக்களைக்குத்தான் போனார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்படவில்லை. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எந்த அழுக்குக்கும்மா இதை ஊத்துன?”

நான் சொல்ல வாயெடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லலாம். ஆனால் அத்தை தினமும் இரவு சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைக்கிற மேடையில் பிசுக்கு ஏது? கறை என்று சொல்லலாம். கறுத்த கல்லில் எந்தக் கறை தெரியப்போகிறது? “சும்மா, எல்லாத்துக்கும் நல்லதுன்னு…” என்று இழுத்தேன். “எல்லாத்துக்கும் ஒண்ணு எப்படிம்மா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு அவர் காபிக்குப் பால் வைக்கப் போய்விட்டார். அவர் அதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. உப்பும் சர்க்கரையும் ஒரே டப்பாவில் எப்படி இருக்கும் என்று கேட்கிற தொனியில்தான் கேட்டார்.

அழுக்கின் பெயர்கள்

அன்றைக்கு மட்டுமன்றி அதற்கப்புறமும் பல நாள் என்னை அரித்தது அந்தக் கேள்விதான். ‘இயற்கை’ என்ற சொல்லை நான் எத்தனையோ முறை சந்தேகப்பட்டிருக்கிறேன், அதற்காக வாதாடியும் இருக்கிறேன். ‘எல்லாவற்றுக்கும்’ என்ற சொல்லை ஒரு முறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. உண்மையில் அந்தக் கல்லைக் கெடுத்தது இயற்கையோ ரசாயனமோ அல்ல, இந்தச் சொல்தான்.

வேதியியல் மிக எளிமையானது. கடப்பா, கர்நூல் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் அந்தக் கருங்கல் பார்க்கக் கருங்கல்லே தவிர, அது கிரானைட் அல்ல, சுண்ணாம்புப் பாறை, கால்சியம் கார்பனேட். சென்னைக் குழாயில் நான் கரைத்தெடுத்த வெள்ளை உப்புக்கறையும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். அங்கே என்னை மகிழவைத்த அதே வேலையைத்தான் என் திரவம் இங்கேயும் நேர்மையாகச் செய்தது. அமிலத்துக்குக் குழாய் எது, கல் எது என்று தெரியாது. சுண்ணாம்பைக் கண்டால் கரைக்கும், கரைக்கையில் கரியமில வாயு குமிழியிடும். அழுக்கு கிளம்புகிறது என்று நான் பூரித்த அந்தக் குமிழிகள், கல் கிளம்பிய குமிழிகள். மார்பிளுக்கும், மார்பிள் சில்லு பதித்த மொசைக் தரைக்கும், சிமெண்டால் செய்த ஆத்தங்குடிக் கல்லுக்கும், வீட்டு ரெட் ஆக்சைடு தரைக்கும் இதே கதிதான். கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் தாங்கும். டைல்ஸின் இடுக்கில் பூசியிருக்கும் வெள்ளைச் சிமெண்ட் நாளடைவில் தாங்காது. சந்தேகமாக இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டு, பத்து நிமிடம் கழித்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்தால் போதும். காய்ந்த பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

வேதியியல் இவ்வளவுதான். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அத்தையின் பேச்சைக் கவனிக்கத் தொடங்கியபோது, அவர் ‘அழுக்கு’ என்ற பொதுச்சொல்லை ஏறக்குறையப் பயன்படுத்துவதே இல்லை என்று தெரிந்தது. எண்ணெய்ச் சட்டியில் இருப்பது பிசுக்கு. பாத்திரத்தின் அடியில் பிடித்தது கரி. பித்தளைக் குத்துவிளக்கில் ஏறியது களிம்பு. முற்றத்தில் படர்ந்தது பாசி. துணியில் விழுந்தது கறை. தலைமுடியில் சிக்கு, இரும்பில் துரு, மூலையில் ஒட்டடை, சுவரில் பூஞ்சணம், தரையில் புழுதி. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்தும் தானாகவே கூட வருகிறது. பிசுக்குக்குச் சலித்த சாம்பலும் தேங்காய்த் தும்பும். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அந்தக் காரம் எண்ணெயைப் பிடித்துக் கொஞ்சம் சோப்பாக்கியே விடுகிறது. களிம்புக்குப் புளி, அதன் டார்டாரிக் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கும். பட்டுச் சேலைக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை. வண்ணார் துறையில் உவர்மண். புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கை அத்தை உடனே கழுவி, காய்ந்த விபூதியால் ஒரு முறை தேய்த்து வைப்பார். நான் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். புளியை அதிக நேரம் விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று செம்பின் சிவப்பு தெரியத் தொடங்கும். மிச்சம் ஒட்டியிருக்கும் புளிப்பைச் சாம்பலின் காரம் அணைத்துவிடுகிறது. வேதியியலும் அதில் இருந்திருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. சாம்பல் கைகளை வெடிக்கவைக்கும். அலுமினியப் பாத்திரத்துக்கு அது ஆகாது. சலவைச்சோடாவும் ஆகாது, காரம் பட்டால் அலுமினியம் கறுத்துவிடும். இப்போது விறகடுப்பு எரிப்பதுமில்லை. ஆனால் அந்தக் காலத்து அடுக்களையில் ‘சகல காரியத்துக்கும் ஒன்று’ என்ற எண்ணமே இல்லை. அது கடைப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்து வந்தது. நான் கடைப் புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் சீட்டை மட்டும் கழற்றி என் வீட்டுப் புட்டியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சேச்சியின் வெள்ளைத் தண்ணீர்

அடுத்த வீட்டுச் சேச்சி ஆரியங்காவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் வீட்டுத் தரையில் எப்போதும் ஒரு மணம் இருக்கும். எலுமிச்சைபோல, ஆனால் எலுமிச்சை இல்லை. என் கல்லின் கதை தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகு, அவரே ஒரு சின்னப் புட்டியோடு வந்தார். “தரைக்கு இது போதும், புல்தைலமாக்கும்” என்றார். வாளித் தண்ணீரில் ஒரு மூடி விட்டதும் தண்ணீர் பால்போல் வெளுத்தது.

மலைக்கு அந்தப் பக்கம் இஞ்சிப்புல் என்றும் நம் பக்கம் எலுமிச்சைப்புல் என்றும் சொல்கிற புல்லைக் கொப்பரையில் போட்டு, ஆவியில் வடித்தெடுக்கும் எண்ணெய் அது. பழைய திருவிதாங்கூர் மலைச்சரிவுகளிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. எறணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்காகவே 1951-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ‘சுகந்தி’ என்ற ஓ.டி. 19 ரகம் அங்கே பிறந்ததுதான். எண்ணெயின் முக்கால் பங்கு சிட்ரால், மணம் அதனால். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு எப்படிப் பால்போல் ஆயிற்று? சோப்பு கலந்திருக்கிறது. சோப்புதான் எண்ணெயைப் பொடித்துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்கவைக்கிறது. கருப்புப் பினாயில் தண்ணீரில் விட்டதும் வெளுப்பது எதனாலோ அதே காரணம். சேச்சியின் வாளியில் மணக்கிறது புல், சுத்தம் செய்கிறது சோப்பு.

சோப்பு இயற்கையா, செயற்கையா என்று சேச்சியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேராமல் இங்கே விற்கும் எந்தத் தேங்காயெண்ணெய்ச் சோப்பும் இல்லை. ஒன்று தென்னை மரத்திலிருந்து வந்தது, மற்றொன்று தொழிற்சாலையிலிருந்து; சேர்ந்து முடிந்தபின் இரண்டுமே அங்கே இல்லை, சோப்பும் கிளிசரினும்தான் இருக்கின்றன. 2020-ல் நோய் பரவியபோது எல்லோரும் கைக்கு இதைத்தான் தேடினோம். கிருமியின் கொழுப்பு உறையை உடைக்க இந்தச் சாதாரணச் சோப்பு போதும் என்றார்கள், அது சரியும்கூட. என் மூன்று மாத எலுமிச்சைக் காடியை நம்பி அந்த வேலையை நான் ஒப்படைக்க மாட்டேன். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர்தான்.

பிளீச்சிங் பவுடர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே சாரல் மாதத்தில், முற்றத்துப் பாசிக்கு அத்தை பிளீச்சிங் பவுடர் தூவிவைத்திருந்தார். அது தெரியாமல் நான் மிச்சமிருந்த எலுமிச்சைத் திரவத்தைக் கொண்டுபோய் அங்கே ஊற்றப் போனேன். கேன் சரிந்து கொஞ்சம் கொட்டியவுடனேயே மூக்கில் குத்தும் நெடி எழுந்தது. கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. திறந்த முற்றமாக இருந்ததால் தப்பினேன். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பு சேர்ந்தாலும், அது வினிகரானாலும் எலுமிச்சையானாலும் கழிப்பறை ஆசிட்டானாலும், குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் செய்தது மென்மையானது என்ற நினைப்பில்தான் இரண்டையும் சேர்க்கத் துணிவு வருகிறது.

மேல்தட்டில் மூன்று புட்டிகள்

இப்போது நான் மூன்று புட்டிகள் வைத்திருக்கிறேன். முதலாவது பழைய எலுமிச்சைத் திரவமே. குழாய், ஷவர், கண்ணாடி, கழிப்பறைப் பீங்கான், எவர்சில்வர் தொட்டி, இவற்றுக்கு மட்டும். கண்ணாடிக்கு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். உப்புக்கறைக்கு மட்டும் அப்படியே. துணியை நனைத்துச் சுற்றிவிட்டு, அரைமணி நேரத்தில் மறக்காமல் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது பூந்திக்கொட்டைத் தண்ணீர். நாள்தோறும் அதிகம் கையாள்வது இதைத்தான். விதையை நீக்கிய தோல் ஐம்பது கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் கையால் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் நுரைக்கும் ஒரு நீர் கிடைக்கும். அதிலுள்ள சாப்போனின் சோப்பைப் போலவே எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடும். கதவு, மர அலமாரி, மின்விசிறி இறக்கை, நாற்காலிப் பிளாஸ்டிக், சுவிட்சுப் பலகையின் மேல் (மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிழிந்த துணியால்) என எல்லா இடத்துக்கும் கைகொடுக்கிறது. பார்த்தீர்களா, மறுபடியும் ‘எல்லா இடத்துக்கும்’ என்று எழுதிவிட்டேன். இதற்கும் சீயக்காய் போல லேசான புளிப்பு உண்டு. கல்மேடையில் தேங்கவிடாமல் துடைத்துவிட வேண்டும். கண்ணில் பட்டால் மிளகாய்போல் எரியும். மீன் வளர்க்கும் தொட்டியிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது. சாப்போனின் மீனைக் கொல்லும். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும் என்பதால், சிறிது சிறிதாகச் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன். வீட்டில் செய்கிற எதற்கும் பாதுகாப்புப் பொருள் கலப்பதில்லை என்று பெருமைப்படுகிறவர்கள், அது கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது சோப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் வெந்நீரில் தேங்காயெண்ணெய்ச் சோப்பு இருபது கிராம் சீவிக் கரைத்து, ஆறியபின் சேச்சி கொடுக்கும் புல்தைலம் நாலைந்து சொட்டு. கடப்பாக் கல், மொசைக், ரெட் ஆக்சைடு தரை, அடுப்பு மேடை எல்லாம் இதன் பங்கு. துடைத்தபின் வெறும் தண்ணீர் தொட்டு ஒரு முறை துடைக்காவிட்டால் தரை வழுக்கும், வெள்ளை வெள்ளையாகத் திட்டும் படியும். இந்த மூன்றிலும் மிகவும் சாதாரணமானது இதுதான். யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க இதில் ஒன்றுமில்லை.

போன சித்திரையில் கணவரின் சித்தப்பா வெயிலில் வந்து இறங்கினார். நான் புறவாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் உரிமையோடு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பழுப்பாக நின்ற பூந்திக்கொட்டைத் தண்ணீரை நன்னாரி சர்பத் என்று நினைத்துத் தம்ளரில் ஊற்றி, எலுமிச்சையையும் பிழிந்து வாயருகே கொண்டுபோய்விட்டார். நுரை அதிகமாக வந்ததால் சந்தேகப்பட்டு நிறுத்தினாராம். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்தது என் தவறு. அன்றைக்கே புட்டிகளை மாற்றினேன். சதுரமான பழைய எண்ணெய்க் கேன்கள், சீட்டு ஒட்டி. சீட்டில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை பேனாவை வாங்கிக்கொண்டார். ஐந்தாம் வகுப்புவரை படித்த கை. எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. பூந்திக்கொட்டைக் கேனில் ‘குடிக்க அல்ல’ என்று எழுதினார். சோப்புத் தண்ணீர்க் கேனில் ‘கல், தரை’ என்று எழுதினார். எலுமிச்சைத் திரவம் இருந்த கேனை எடுத்து, சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ‘குழாய்க்கு’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.